தைத்த ஏடும் தங்கிய நாளும்

திண்டிவனத்தில் இறங்கிப் பேருந்து மாறினால் செஞ்சி, வந்தவாசி, மரக்காணம், புதுச்சேரி எல்லாமே ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக வந்துவிடும். ஏறத்தாழ இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பு இதே வழிகளில்தான் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் நவாபுகளும் படை நடத்தினார்கள். 1750 செப்டம்பரில் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் வசமானது. அதே ஆண்டு டிசம்பரில் ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங் செஞ்சிக்கு அருகே தன் பாசறையிலேயே கொல்லப்பட்டார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் முறியடித்தார். திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் மலைக்கோட்டையும் அந்த ஆண்டே ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

போர்களைப் பற்றித் தளபதிகளின் கடிதங்களும் கம்பெனி ஆவணங்களும் சொல்லும். செய்தி வந்த அன்று புதுச்சேரியில் என்ன பேசிக்கொண்டார்கள், யார் மகிழ்ந்தார்கள், யார் கலங்கினார்கள் என்பதைத் தமிழில் உட்கார்ந்து எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் எழுதிய தினப்படி சேதிக் குறிப்பு இல்லையென்றால் நம் ஊர்ப் பக்கத்தின் கால் நூற்றாண்டு வாழ்க்கை நமக்கு அந்நியர் கண் வழியாக மட்டுமே தெரிந்திருக்கும்.

நாள்குறிப்பு எழுதுவதும் அதற்கான ஏட்டைக் கையால் செய்துகொள்வதும் இந்த மண்ணில் எப்படி இருந்தன, இப்போது எப்படி இருக்கின்றன என்று பார்க்கும்போது எனக்குப் படுவது ஒன்றுதான். அன்று எழுதத் தெரிந்தவர்கள் சிலர். அவர்கள் எழுதியதைக் காப்பாற்றப் பல கைகள் உழைத்தன. இன்று நம்மில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியும். ஆனால் நம் நாள்களைக் காப்பாற்ற ஒரு கையும் முன்வரவில்லை.

கப்பல் வந்ததும் கனவு கண்டதும்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். குடும்பம் வணிகத்துக்காகப் புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. நள வருஷம் ஆவணி மாதம், அதாவது 1736 செப்டம்பர் 6 அன்று, குறிப்பு எழுதத் தொடங்கினார். 1747இல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளரும், ஆனார். கவர்னர் துய்ப்ளேயின் அறைக்குள் நடந்த பேச்சும் அவர் காதுக்கு வந்தது, கடைத்தெருப் பேச்சும் வந்தது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதினார்.

அவர் எழுதிய முறையைப் பார்த்தால் கணக்கெழுதிப் பழகிய கை என்பது உடனே தெரியும். முதலில் தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை. பிறகு, எத்தனை நாழிகைக்கு என்ன நடந்தது. எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன, யாருக்கு எத்தனை குண்டு மரியாதை போட்டார்கள், யார் யாரிடம் எவ்வளவு பணம் வாங்கினார்கள், எந்த நல்ல நேரத்தில் வீட்டுக் காரியம் தொடங்கியது, தம்பிக்கு உடம்பு எப்படி இருந்தது, என்ன கனவு வந்தது. 1748இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊர் பட்ட துயரத்தையும் எழுதினார். பேச்சு வழக்குத் தமிழ். இடையே பாரசீகம், போர்ச்சுக்கீசியம், பிரெஞ்சு, தெலுங்குச் சொற்கள். அலங்காரம் செய்து காட்ட வேண்டும் என்ற எண்ணம் அந்த எழுத்தில் இல்லை. அதனால்தான் அந்தக் காலத்துத் தமிழ் எப்படிப் பேசப்பட்டது என்று ஆராய்பவர்களுக்கும் அது சுரங்கமாக இருக்கிறது.

1761 ஜனவரி நடுவில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதே மாதம், ஊர் முற்றுகையில் இருந்தபோதே, அவர் காலமானார். குடும்பத்தில் அடுத்து வந்தவர்கள் எழுதுவதைத் தொடர்ந்தார்கள். அதே ஊரில் இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய குறிப்பும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுத, நாள்குறிப்பு அந்த ஊரில் ஒரு பழக்கமாகவே வளர்ந்தது.

ஏடு செய்வதே பாதி வேலை

காகிதம் பரவுவதற்கு முன்பும், பரவிய பிறகு நெடுங்காலமும், நம் பக்கத்தில் எழுதும் பொருள் பனை ஓலை. விழுப்புரம் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. விக்கிரவாண்டியைச் சுற்றி எந்த ஏரிக்கரையில் நின்று பார்த்தாலும் பனை தெரியும். ஆனால் மரத்தில் இருக்கும் ஓலையில் யாரும் எழுதிவிட முடியாது. முற்றாமலும் பிஞ்சாக இல்லாமலும் இருக்கிற ஓலையாகப் பார்த்து வெட்டி, ஈர்க்கை நீக்கி, அளவாக நறுக்கி, நீரிலிட்டு வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மேற்பரப்பு வழுவழுப்பாகும்வரை தேய்க்க வேண்டும். இதற்குப் பாடம் செய்தல் என்று பெயர். பிறகு துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி. எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய, விளக்குக்கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்துப் பூசித் துடைப்பார்கள். எழுதுகிறவருக்கு ஒவ்வோர் ஏட்டின் விலையும் தன் கை வலியாகத் தெரிந்த காலம் அது.

இவ்வளவு செய்தும் நம் வெயிலிலும் ஈரத்திலும் ஓலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. செல்லரிக்கும், ஒடியும். ஆகவே பழைய சுவடியைப் பார்த்துப் புதுச் சுவடி எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இதை அறமாகவே கொண்டவர்கள் நம் பகுதிச் சமணர்கள். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரங்களில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய மடம் செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் இருக்கிறது. அங்கே ஓலைச்சுவடிகளும் உண்டு. உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திரத்தைப் படியெடுத்துக் கொடுப்பதையும் ஒரு தானமாக வைத்த சமயம் அது. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது சமணக் குடும்பங்கள் காத்து வைத்திருந்த சுவடிகளும் அவர்களிடம் வழிவழியாக வந்த உரை மரபும் அவருக்குக் கைகொடுத்தன. அது நாள்குறிப்பு அல்ல, காப்பியம். ஆனாலும் எழுதிய ஒன்று மிஞ்ச வேண்டுமானால் அதை இன்னொரு கை எடுத்து எழுத வேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

காகிதமும் அன்று கையால் செய்த பொருள்தான். வேலூரில் காகிதப்பட்டறை என்று இன்றும் ஒரு பகுதி இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த தாளும், கந்தல் துணியை ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் ஏந்தி, ஒவ்வொன்றாக எடுத்த தாள்தான். அதைக் கணக்குப் புத்தகமாகத் தைத்து வைத்துக்கொள்வது வணிகர் வீடுகளில் வழக்கமான வேலை.

எண்பத்தைந்து ஆண்டுகள் கிடந்த குறிப்பு

பிள்ளை மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1846இல், புதுச்சேரியில் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அந்தக் குறிப்புகளைக் கண்டெடுத்துப் படியெடுக்கச் செய்தார். ஏரியல் என்பவர் எடுத்த படி பாரிசுக்குப் போனது. சென்னை அரசு ஒரு படி எடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தது. 1904இல் தொடங்கி 1928 வரை பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்தன. தமிழில் எழுதியவரை உலகம் ஆங்கிலத்தில் படித்துவிட்டது. தமிழ் மூலம் அச்சாக 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் முழுமையாக வரவில்லை.

எழுத்தாளர் பிரபஞ்சன் அந்தக் குறிப்புகளில் மூழ்கி ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்களை எழுதினார். பின்னதற்கு 1995இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 2019இல் மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த பன்னிரண்டு தமிழ்த் தொகுதிகளை அகநி வெளியீடு கொண்டுவந்தது. அந்தப் பதிப்பகம் இருப்பது வந்தவாசியில். பிள்ளையின் உலகத்தைக் கவிழ்த்த போர் நடந்த ஊரிலிருந்தே அவருடைய எழுத்து நமக்குத் திரும்பி வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நிறைகிறது.

எழுதியவர் ஒருவர். படியெடுத்தவர், ஒப்பிட்டவர், அச்சுக் கோத்தவர், பதிப்பித்தவர் என்று அந்த ஒருவருடைய நாள்களைக் காக்க நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கிறார்கள். மூலத்தில் சில பகுதிகள் கிடைக்காமலேயே போயின. போனவற்றில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ரஃப் நோட்டும் மல்லாட்டைக் கணக்கும்

பிள்ளையின் ஏட்டுக்கும் இன்றைய கைப்பேசிக்கும் நடுவே ஒரு காலம் இருந்தது. அதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பள்ளி முடிந்து கோடை விடுமுறை வந்ததும் பழைய நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கிழித்தெடுத்து, ஓரம் சேர்த்துத் தட்டி, கோணி ஊசியால் துளையிட்டு, நூல் கோத்துத் தைத்தால் அடுத்த ஆண்டுக்கு ரஃப் நோட்டு தயார். அட்டைக்குப் பழைய காலண்டர். தாத்தாவோ அப்பாவோ தைத்துக் கொடுப்பார். கொஞ்சம் பெரியவர்களானதும் நாமே தைத்துக்கொண்டோம்.

பெரியவர்களுக்கு உரக்கடையிலும் வங்கியிலும் கொடுக்கும் டைரி. அதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எத்தனை மூட்டை, விதைக்கு எவ்வளவு எடுத்து வைத்தது, முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு எத்தனை டன், கூலி யாருக்குப் பாக்கி, மாடு எந்தத் தேதியில் கன்று போட்டது என்றெல்லாம் இருக்கும். ஓரத்தில் ஒரு பிறப்பு, ஒரு சாவு, ஒரு மழை. யாரும் அதை நாள்குறிப்பு என்று பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் அந்த டைரிகளில் இருபது ஆண்டுகளை அடுக்கி வைத்துப் படித்தால் ஒரு கிராமத்தின் நீர்மட்டமும் கூலியும் உணவும் எப்படி மாறின என்று எந்த அரசு அறிக்கையும் சொல்லாத அளவுக்குத் தெரிந்துகொள்ளலாம்.

நாள் தவறாமல் எழுதுவதால் என்ன விளையும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை, எள் ரகங்கள் திண்டிவனத்தின் பெயரைத் தாங்கியவை. 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 நிலக்கடலை தமிழ்நாட்டைத் தாண்டிப் பல மாநிலங்களில் பல தலைமுறை உழவர்களின் வயலில் இருந்தது. ஒரு பயிர் ரகம் உருவாக வேண்டுமானால் விதைத்த நாள், முளைத்த நாள், பூத்த நாள், நோய் கண்ட நாள், ஒரு செடிக்கு எத்தனை காய் என்று பருவத்துக்குப் பருவம் வயல் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும். யாரோ வெயிலில் நின்று எழுதிய அந்தச் சின்னச் சின்ன வரிகளிலிருந்துதான் நம் வீட்டு எண்ணெய் வந்தது.

இன்று: எழுத்து உண்டு, ஏடு இல்லை

பிள்ளையின் காலத்தில் நாள்குறிப்பு எழுத வேண்டுமானால் படிப்பும் பொருளும் ஓய்வும் செல்வாக்கும் இருந்தாக வேண்டும். போருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய குடியானவர்களும் நெசவாளர்களும் பெண்களும் அவருடைய குறிப்பில் வருகிறார்கள். ஆனால் அவர்கள் தாங்களே எழுதவில்லை. இன்று நிலைமை வேறு. 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 72 விழுக்காடு. மாநில அளவான 80ஐவிடக் குறைவுதான் என்றாலும், ஓடியவர்களின் வழிவந்தவர்கள் எழுதத் தெரிந்தவர்கள் ஆகிவிட்டார்கள். 1990களில் அறிவொளி இயக்கத்தில் சிலேட்டு பிடித்து எழுதப் பழகிய பெண்களின் பேத்திகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். வரலாற்றில் முதல்முறையாக, இந்த மண்ணின் எளிய மனிதர்கள் தங்கள் நாளைத் தாங்களே எழுதலாம்.

இந்த வாய்ப்பு வந்த நேரத்திலேயே ஏடு கையைவிட்டுப் போய்விட்டது. நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறோம், பேசி அனுப்புகிறோம், படம் எடுக்கிறோம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருபத்து நான்கு மணி நேரத்தில் மறைந்துவிடும். கைப்பேசி உடைந்தாலோ எண் மாறினாலோ பல ஆண்டுகளின் பேச்சும் படமும் ஒரேயடியாகப் போய்விடக்கூடும். கடையில் கொடுக்கிற ரசீதும் சில மாதங்களில் வெளுத்து வெறும் தாளாகிவிடுகிறது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. திண்டிவனமும் விழுப்புரமும் மிதந்தன. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து அரசூர்ப் பக்கம் நெடுஞ்சாலையையே மூழ்கடித்தது. அந்த நாள்களில் எடுத்த காணொளிகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால், எத்தனை மணிக்குத் தண்ணீர் வாசற்படி ஏறியது, யார் வீட்டு மாடியில் எத்தனை பேர் ஒண்டினார்கள், சாப்பாடு எங்கிருந்து வந்தது, எது போயிற்று, எது மிஞ்சியது என்று அன்றிரவோ மறுநாளோ எழுதி வைத்த வீடுகள் எத்தனை? அடுத்த வெள்ளத்தில் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்பதை அந்த வரிகள்தாம் சொல்லும். ஒரு கப்பல் நங்கூரமிட்டதைக்கூட நாழிகைக் கணக்கோடு எழுதியவர் வாழ்ந்த வட்டாரம் இது.

மறுபடி கைக்கு வரும் காகிதம்

நம்பிக்கை தரும் மாற்றமும் இதே வட்டாரத்தில் நடக்கிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைமுறைக் காகிதத் தொழிற்கூடம் 1959இல் தொடங்கியது. 1968இல் உருவான ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. அங்கும் கைமுறைக் காகிதமும் அதில் தைத்த நோட்டுகளும் செய்கிறார்கள். பருத்தித் துணிக் கழிவை நறுக்கி, நீரோடு அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தை முக்கி எடுத்து, கம்பளித் துணியின்மேல் கவிழ்த்து, அழுத்தி நீரை வடித்து, கொடியில் உலர்த்துகிறார்கள். கூழில் பூவிதழ், வைக்கோல், வாழைநார் சேர்ப்பதும் உண்டு. மரக்கூழில் செய்த மலிவான தாளில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுவதால் அது நாளடைவில் பழுத்து நொறுங்கும். பருத்தியில் அது இல்லை. நன்றாகச் செய்த பருத்தித் தாள் நூற்றாண்டுகளைத் தாங்கும்.

இந்த நோட்டுகள் கடற்கரைக்கு வரும் பயணிகளுக்கும் வெளிநாட்டுச் சந்தைக்கும் போகின்றன. அழகுக்காக வாங்குகிறார்கள், பரிசாகக் கொடுக்கிறார்கள். அது நல்ல தொழில், வளரட்டும். ஆனால் அதைத் தைப்பவரும் அரைப்பவரும் நம் ஊர்ப் பெண்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் அவர்களே எழுதிய ஒரு நோட்டு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அன்று ஏடு செய்தவனும் எழுதியவனும் பல நேரம் ஒருவனே. இன்று செய்கிற கைக்கும் எழுதுகிற கைக்கும் நடுவே கடல் இருக்கிறது. அது குறைய வேண்டும்.

ஒரு ரீம், ஐந்து ஆண்டு

இதற்குப் பெரிய செலவு கிடையாது. சாதாரண ஏ4 தாள் பத்தை நடுவில் மடித்தால் நாற்பது பக்கம். இது ஒரு ஃபாரம். இப்படிப் பத்து ஃபாரம் மடித்தால் நானூறு பக்கம். நாளுக்கு ஒரு பக்கம் என்று எழுதினாலும் ஓர் ஆண்டு போக மிச்சம் இருக்கும். ஐந்நூறு தாள் கொண்ட ஒரு ரீம் ஐந்து ஆண்டுக்குக் காணும். மடிப்பில் ஊசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த பருத்தி நூலால் ஒரு ஃபாரத்தை அடுத்ததோடு பிணைத்துத் தைக்க வேண்டும். முதுகில் மைதாப் பசை தடவி மெல்லிய துணி ஒட்ட வேண்டும். பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது. அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அட்டைக்குக் காலிகோ துணியோ பழைய சேலைத் துண்டோ போதும். தையல் பிடிபடாவிட்டால் ஊரில் இருக்கும் பைண்டிங் கடைக்காரரிடம் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால் வந்துவிடும். அந்தக் கடைகளில் ஸ்பைரல் வேலை வந்த பிறகு நூல் தையல் கேட்டு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். கேட்பவர் இருந்தால்தான் அந்தக் கைத்திறனும் நிற்கும்.

எழுதுவதற்கு ஆனந்தரங்கப் பிள்ளை காட்டிய வழியே போதும். மேலே தேதியும் கிழமையும். பிறகு கண்டது, கேட்டது, கொடுத்தது, வாங்கியது. தக்காளி என்ன விலை, கிணற்றில் எத்தனை அடி தண்ணீர், யார் வந்தார்கள், குழந்தை என்ன கேட்டது. மனத்தில் பட்டதை மறைக்காமல் ஒரு வரி. நாலு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாளிலிருந்து எழுதலாம். அவருடைய குறிப்பிலும் இடைவெளிகள் உண்டு.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு நாளை ஏடு தைக்கும் நாளாக வைக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் தான் தைத்த நோட்டில் தன் வீட்டுப் பெரியவரிடம் கேட்ட ஒரு நாளை எழுதட்டும்: ஒரு வெள்ளம், ஒரு கல்யாணம், ஒரு அறுவடை. எழுதியவர் சம்மதித்தால் ஒரு படியை ஊர்க் கிளை நூலகத்தில் வைக்கலாம். படம் பிடித்துக் கணினியிலும் சேர்க்கலாம். ஏடும் இருக்க வேண்டும், படியும் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்பி வைத்தவை பெரும்பாலும் போய்விட்டன என்பதை மேல்சித்தாமூர் மடமும் பிள்ளையின் குறிப்பும் நமக்குச் சொல்லியிருக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டைப் பற்றி எழுத ஒரு துபாஷியின் குறிப்பு நமக்குக் கிடைத்தது. நம் காலத்தைப் பற்றி எழுத வருபவர்களுக்கு ஒரு கரும்பு வெட்டுபவரின் குறிப்பும், ஒரு செவிலியரின் குறிப்பும், நோட்டுத் தைக்கும் ஒரு பெண்ணின் குறிப்பும் கிடைக்க வேண்டும். அவர்கள் எல்லோருக்கும் இன்று எழுத்து தெரியும். தாளும் நூலும் ஊசியும் எந்தக் கடையிலும் கிடைக்கும். தொடங்க வேண்டியதுதான் பாக்கி.